நெற்றியில் போட்ட சுக்கு

1

இஞ்சியின் நன்மைகளைப் பற்றி, அதுவும் வெளிநாட்டில் இருந்துகொண்டு அதை எப்படிச் சமையலில் சேர்த்துக்கொள்கிறேன் என்பதைப் பற்றி, உங்கள் பத்திரிகைக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஜீரணத்துக்கு நல்லது, வாந்தியை நிறுத்தும், வாயுவைக் கலைக்கும், சளியை இளக்கும். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். ஆனால் நெற்றியில் சுக்கு போட்டுக்கொண்ட ஒரே குற்றத்துக்காக ஒரு மனிதனின் காது உடைந்ததை நான் கண்ணால் பார்த்தவள். அதே சுக்கினால் என் சின்ன மகளை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று போன வாரம் முழுவதும் தூங்காமல் கிடந்தவள். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரை நீங்கள் கேட்ட மாதிரி இருக்காது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், பிராட்ஃபோர்டில். கம்பளி மில்கள் நிறைந்த ஊர். என் வீட்டுக்காரர் நகரிப் பக்கம் தறி நெய்தவர். இங்கே மில்லில் வேலை. பெரியவள் மஞ்சுளாவுக்குப் பதினைந்து வயது. சின்னவள் சாந்திக்கு ஏழு. சாந்திக்கு மூக்கடைத்துத் தலைவலி வந்தால் லேசில் விடாது. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை அழுதுகொண்டே இருந்தாள். பஞ்சாபிக் கடையில் வாங்கி வைத்திருந்த முழுச் சுக்கு தீர்ந்துபோயிருந்தது. வெள்ளைக்காரர்கள் கேக்கில் போடுகிற சுக்குத்தூள் டின் ஒன்று இருந்தது. அதை வெந்நீரில் குழைத்து நெற்றியில் பற்றுப் போட்டேன். காய்ந்ததும் துடைத்துவிடுவதுதான் வழக்கம். குழந்தை அதற்குள் தூங்கிப்போனாள், எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. காலையில் தலைவலி போயிருந்தது. நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்பாக ஒரு பட்டை நின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்து நர்ஸ் என்னவென்று கேட்டிருக்கிறாள். "அம்மா போட்டாங்க, எரிஞ்சுது, நான் அழுதேன்" என்று குழந்தை இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை பொய் இல்லை.

அன்று சாயங்காலமே கவுன்சில் ஆபீஸிலிருந்து இரண்டு பெண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருத்தி பேசினாள், ஒருத்தி எழுதிக்கொண்டாள். எனக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் இங்கிலீஷ். மஞ்சுளா நடுவில் நின்று சொன்னாள்.

"அம்மா, சாந்தி முதுகப் பாக்கணுமாம்."

"முதுகு இன்னாத்துக்கு?"

"வேற எங்கனா அடிபட்ட காயம் கீதானு பாக்கறாங்க."

"பெத்த புள்ளைய அடிக்கிறவ, ஊரே பாக்கறாப்பல நெத்தியிலயா அடிப்பா? கேளு அவங்கள."

மஞ்சுளா கேட்கவில்லை. "சும்மா இரும்மா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். என் முன்னாலேயே என் குழந்தையின் சட்டையைத் தூக்கி முதுகு, விலா, தொடை எல்லாம் பார்த்தார்கள்.   அடுப்பின் மேல் வாணலி இருந்தது. அதை எடுத்துவிடக் கூடாதே என்று கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை மறுபடி வருவோம், தகப்பனும் இருக்க வேண்டும், அதுவரை நர்ஸ் தினமும் குழந்தையைப் பார்ப்பாள் என்றார்கள். கடைசியாக ஒன்று சொன்னார்கள். மஞ்சுளா அதை என்னிடம் சொல்லத் தயங்கினாள்.

"அவங்களுக்குத் திருப்தியில்லன்னா, சாந்திய கொஞ்ச நாளைக்கு வேற எடத்துல வெச்சிப்பாங்களாம்."

2

என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். அவருக்கு இடது காது கேட்காது. வலது பக்கம் போய் நின்று சொன்னேன். கேட்டு முடித்தவர் சமையலறைக்குள் போனார். அந்தச் சுக்குத்தூள் டின்னை எடுத்துச் சுவரில் அடித்தார். மூடி ஒரு பக்கம், டின் ஒரு பக்கம், அறை முழுக்கத் தூள். குழந்தைகள் தும்மித் தும்மி வெளியே ஓடினார்கள்.

"இது நம்ம ஊட்ல வாணாம்னு சொன்னேனா இல்லியா?"

"துன்றதுக்கு மட்டும் வேணும், நெத்தியில போடறதுக்கு வாணாமா?"

"வாணாம். எம் புள்ள நெத்தியில வாணாம்."

டின்னை எடுத்து இன்னொரு முறை அடித்தார். பக்கத்து வீட்டுக் கிழவர் அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரு பொருளைத் தூக்கி அடித்து நான் பார்த்ததில்லை. நான் அடித்திருக்கிறேன், பலமுறை. எங்கள் வீட்டில் கோபம் என் பங்கு, பொறுமை அவர் பங்கு. அன்று அது மாறிப்போயிற்று. அவர் உட்கார்ந்து தூளைக் கையால் வாரி, நெளிந்துபோன டின்னுக்குள் போட்டு, மேல் அலமாரியில் வைத்தார்.  டின் பட்ட சுவரில் இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது.

3

நீங்கள் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பத்திரிகையில் போடமாட்டீர்கள்.

இங்கே பச்சை இஞ்சி கிடைக்கிறது, ஆனால் தோல் சுருங்கிய பழைய இஞ்சி. தோலை நன்றாகச் சீவிவிட வேண்டும். தோல் உடம்புக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொன்னதை நான் விடுவதில்லை. நசுக்கிச் சாறு பிழிந்து கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக ஒரு மண்டி தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, தேன் விட்டுக் குடிக்க வேண்டும். குளிர்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு மில் தூசியில் நெஞ்சு கட்டிக்கொள்ளும்போது இதுதான் கொடுப்பேன். வாரத்தில் இரண்டு நாள் இஞ்சித் துவையல். புளி கொஞ்சம், வெல்லம் கொஞ்சம், வரமிளகாய் தாராளமாக. கறி வைத்தால் இஞ்சியைத் தட்டித்தான் போடுவேன், அரைத்தால் குழம்பு கசக்கிறது. வயிற்றுப்புண் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் தொடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அளவு மீறக் கூடாது. குழந்தைகளுக்கு நெற்றியில் போடுவதானால் முழுச் சுக்கைக் கல்லில் பால் விட்டு உரசி மெல்லிசாகப் போடுங்கள். டின்னில் வருகிற தூளைப் போடாதீர்கள். அதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

மஞ்சுளா இதில் எதையும் தொடமாட்டாள். பள்ளிக்குக் கொண்டுபோகிற டப்பாவில் இஞ்சி வாசனை வரக் கூடாது. வந்தால் அப்படியே திரும்பி வரும். குளிருக்குப் போடுகிற கோட்டைக் கொண்டுபோய் மாடியில் தொங்கவிடுகிறாள், சமையல் வாசனை ஏறக் கூடாதாம். வழியில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்றுவிட்டு வந்து பசியில்லை என்பாள். இந்தப் பெண் என் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சோறு தங்கவில்லை, தண்ணீர் தங்கவில்லை. உப்பு தொட்ட இஞ்சித் துண்டு ஒன்றுதான் தங்கியது. இஞ்சியால் பிழைத்த பிள்ளை அவள். அதைச் சொன்னால் கண்ணை உருட்டுகிறாள்.

நான் சொல்லப்போகும் சங்கதியும் அவள் வயிற்றில் இருந்த காலத்தில் நடந்ததுதான்.

4

ஆந்திரம் தனி மாநிலமாகி, எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த வருஷங்கள். எங்கள் ஊர் நகரியைத் தாண்டி ஒரு சின்ன நெசவாளர் குடியிருப்பு. பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு, எல்லா வீட்டிலும் இரண்டும். ஒரு பலகையில் தெலுங்கில் ஊர்ப் பெயர் எழுதினால் மறுநாள் தார் பூசியிருக்கும். தமிழில் எழுதினால் அதற்கு மறுநாள் தார் பூசியிருக்கும். ஒரு தடவை இரண்டு கூட்டமும் சந்தையில் நேருக்கு நேர் வந்துவிட்டது.

நான் காய்கறி வாங்கப் போயிருந்தேன். முதலில் வாய்ச்சண்டை. பிறகு யாரோ வண்டி முளைக்குச்சியை உருவினான். ஒரு ஆள் தலையில் அடி விழுந்து, தக்காளிக் கூடை மேலேயே சாய்ந்தான். எது ரத்தம் எது தக்காளி என்று தெரியவில்லை. தடுக்க வந்த கான்ஸ்டபிள் ஒருவருக்கு வாயில் கல் பட்டு, பல்லைத் துப்பினார். பெண்கள் கூடைகளை விட்டுவிட்டு ஓடினோம். ஓடும்போது என் காலுக்குக் கீழே ஒரு கை நசுங்கியது. யாருடைய கை என்று தெரியாது. கத்தியது தமிழிலா தெலுங்கிலா என்றும் நினைவில்லை.

அன்று மாலை எங்கள் ஊரில் சுக்கு உரசாத வீடே இல்லை. அடிபட்டு வீங்கிய இடத்தில் சுக்குப் பற்றுப் போடுவது அங்கே எல்லாரும் செய்வது. தலையில் அடிபட்டவன் நெற்றியில் போட்டுக்கொள்வான். அடி வாங்கியவர்களில் எதிர் வீட்டு ராஜேஸ்வரம்மாவின் புருஷனும் ஒருவர். மளிகைக்கடை வைத்திருந்தவர், ஆந்திரத்தோடுதான் இருக்க வேண்டும் என்று சந்தையில் கத்தியவர். அவர் நெற்றியிலும் பற்று.

என் வீட்டுக்காரர் சந்தைப் பக்கமே போகவில்லை. அவருக்குச் சளி பிடித்துத் தலைபாரம். தறிக்குழியில் உட்கார முடியாமல் படுத்துக்கிடந்தார். மறுநாள் காலையில் நானே சுக்கை உரசி நெற்றியில் போட்டுவிட்டேன். வேண்டாம், எரியும் என்றார். எரிந்தால்தான் இறங்கும் என்று அதட்டினேன்.

5

மத்தியானம் லாரி வந்தது. போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். எந்த ஸ்டேஷன் ஆட்களோ, எங்களுக்குத் தெரியாத முகங்கள். அவர்களில் ஒருவன் மட்டும் நம் பக்கத்து ஆள். இரண்டு பாஷையும் பேசினான். நம் வழக்கமெல்லாம் தெரிந்தவன். அவன் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"பத்து போட்டவன் எல்லாம் அடி வாங்கினவன். அடி வாங்கினவன் எல்லாம் சந்தையில இருந்தவன். நெத்தியப் பாத்து ஏத்துங்க."

வீடு வீடாகப் புகுந்தார்கள். பெயர் கேட்கவில்லை, எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. நெற்றியைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்குள் இரண்டு பேர் வந்தார்கள். படுத்திருந்தவரை முடியைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"சளிக்குப் போட்டதுங்க. நேத்து ஊட்ட உட்டு எறங்கல" என்று கத்தினேன்.

"எல்லாருக்கும் சளியா இந்த ஊர்ல?" என்றான் ஒருவன். லத்தியால் விலாவில் இடித்தான். அவர் குனிந்தார். குனிந்தவரின் தலையைப் பக்கவாட்டில் ஓங்கி அடித்தான் அடுத்தவன். காதிலிருந்து ரத்தம் தோளில் இறங்கியது. அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நடுவில் போனேன். என்னைத் தள்ளினான். சுவரில் மோதி உட்கார்ந்தேன். கைக்குப் பக்கத்தில் நான் சுக்கு உரசிய கல் இருந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கிறதே என்ற யோசனைகூட எனக்கு வரவில்லை. எழுந்து, அதை அவன் முழங்கையில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. லத்தி கீழே விழுந்தது.

இதை எழுதும்போது எனக்கு வெட்கம் இல்லை. இன்றைக்கு நடந்தாலும் இறக்குவேன். கல் பெரியதாக இல்லையே என்ற வருத்தம் உண்டு.

என்னை அறைந்தார்கள். உதடு கிழிந்தது. அவரைத் தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள். பஜனைக் கோயில் முன்னால் பிடித்தவர்களையெல்லாம் மண்டி போட வைத்திருந்தார்கள். எல்லார் நெற்றியிலும் பற்று. லாரி ஏற்றுவதற்குப் பெரிய அதிகாரி வர வேண்டும் என்று காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்கவில்லை, அடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி ஏறினால் இந்தக் காதோடு, இந்த விலாவோடு, அவர் உயிரோடு திரும்பமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

6

ராஜேஸ்வரம்மா தெருவில் மாரில் அடித்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷனையும் இழுத்துப்போய்விட்டார்கள். ஆந்திரம் வேண்டும் என்று கத்தியவரை ஆந்திரப் போலீஸே அடித்துக்கொண்டிருந்தது. நான் வாயில் ரத்தத்தோடு அவள் முன்னால் போய் நின்றேன். ஒரு மாதமாக அவளும் நானும் பேசவில்லை, இந்த எல்லைச் சண்டையால்தான்.

"நெத்தியப் பாத்து ஏத்தறானுங்க" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். கடைக்கு வைத்திருந்த சுக்கு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து தெருவில் கொட்டினாள். நான் உரலை உருட்டி வந்தேன். இருவரும் மாறி மாறி இடித்தோம். தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்தோம். தெருவில் யார் வந்தாலும் பிடித்து நிறுத்தி நெற்றியில் இழுத்தோம். கிழவன், கிழவி, கைப்பிள்ளை, பூசாரி, தபால் கொண்டுவந்தவர், யாரையும் விடவில்லை. கட்டியிருந்த ஆட்டின் நெற்றியிலும் ஒரு இழுப்பு. குழந்தைகள் எரிச்சலில் வீறிட்டன. யாரும் துடைக்கவில்லை. இன்னும் வேண்டும் என்று பெண்கள் வீட்டுக்கு வீடு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஊரே பஜனைக் கோயிலுக்கு நடந்தது. பெரிய அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கிய நேரம். நெற்றியில் பற்று இல்லாதவர்கள் அங்கே போலீஸ்காரர்கள் மட்டும்தான். அவர், நெற்றியைப் பார்த்து ஏற்றச் சொன்ன போலீஸ்காரனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"ஏமிட்டி இதி?" என்றார் அதிகாரி. என்ன இது என்று.

ராஜேஸ்வரம்மா முன்னால் போனாள். "ஊரந்தா தலநொப்பி, சாமி" என்றாள். ஊருக்கே தலைவலி.

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி லத்தியை வாங்கி, முதல் வரிசையில் இருந்த இரண்டு பேரை முதுகில் வெளுத்தார். கோபம் தீரவில்லை, ஆனால் பற்றுதான் சாட்சி என்றால் ஊரையே ஏற்ற வேண்டும், லாரியில் ஊரை ஏற்ற முடியாது. காறித் துப்பிவிட்டு ஜீப்பில் ஏறினார். மண்டி போட்டவர்கள் எழுந்திருக்கக்கூட முடியாமல் அப்படியே சாய்ந்தார்கள்.

என் வீட்டுக்காரர் பிழைத்தார். இடது காது பிழைக்கவில்லை. எல்லை பிறகு முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரப் பக்கம் தங்கினோம். அதற்காக அடித்துக்கொண்டவர்கள் அடுத்த வருஷம் ஒரே திருவிழாவில் நாராயணவனத்தில் தேர் இழுத்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அதற்குப் பிறகு நெற்றியில் எதையும் வைக்கவிடவில்லை. விபூதிகூட இல்லை. சுக்கு உரசும் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். இங்கிலாந்தில் மில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகக் கிளம்பினார். காது கேட்காதவனுக்கு மில் நல்ல இடம் என்பார். பிள்ளைகளிடம் அந்தக் காது பிறவிக்கோளாறு என்று சொல்லி வைத்திருந்தார்.

7

வியாழக்கிழமை, அன்றைக்கு எழுதிக்கொண்டவளும், அவளுக்கு மேலதிகாரியாக நரைத்த முடிக்காரி ஒருத்தியும் வந்தார்கள். நரைத்தவள் நேராகக் கேட்டாள். மஞ்சுளா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"கொழந்தைய யார் அடிச்சாங்கன்னு கேக்கறாங்க."

என் வீட்டுக்காரர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கேட்கவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"நான் சொல்றத அப்டியே சொல்லணும், மஞ்சுளா. உடாத."

சொன்னேன். சந்தை, தக்காளிக் கூடை, பற்று, லாரி, எல்லாம். மஞ்சுளா முதலில் பள்ளியில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கினார்கள் என்றபோது வேகம் குறைந்தது. காது என்றபோது நின்றுவிட்டாள். திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். நரைத்தவள் காத்திருந்தாள். 

"நைனா" என்றாள் மஞ்சுளா தமிழில். "பொறவிலயே அப்டின்னு சொன்னியே."

அவர் எழுந்து போய் மேல் அலமாரியிலிருந்து அந்த நெளிந்த டின்னை எடுத்து வந்தார். கெட்டிலில் இருந்த வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றித் தூளைக் குழைத்தார். பதினைந்து வருஷம் கழித்து முதல் தடவையாகத் தன் நெற்றியில் தானே போட்டார். மெல்லிசாக இல்லை, அப்பிக்கொண்டார். நரைத்தவளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"வெய்ட்" என்றார். "ட்ரை. தென் லுக்."

நாங்கள் எல்லாரும் அது காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எரிச்சலா வேறேதாவதா என்று நான் கேட்கவில்லை. காய்ந்ததும் போய்க் கழுவிவிட்டு வந்து விளக்குக்கு அடியில் நெற்றியைக் காட்டினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்பாக ஒரு பட்டை. சாந்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தார். இரண்டும் ஒன்றுதான். நரைத்தவள் இரண்டு நெற்றியையும் பார்த்தாள். பிறகு அவருடைய இடது காதை வெகு நேரம் பார்த்தாள். எழுதிக்கொண்டிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அவள் பேனாவை மூடினாள்.

"சாந்திய எடுத்துக்கினு போவமாட்டாங்க. இனிமே வரமாட்டாங்களாம்" என்றாள் மஞ்சுளா.

அவர்கள் போன பிறகு நான் கிண்ணத்தைக் கழுவ எடுத்தேன். மஞ்சுளா அதை என் கையிலிருந்து வாங்கினாள். அடியில் மிச்சமிருந்ததை விரலால் வழித்துத் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டாள்.

"எரியுமே, துடைச்சிடுடி" என்றேன்.

"எரியட்டும்" என்றாள்.

மறுநாள் முடியை நெற்றியில் விடாமல் இழுத்துப் பின்னிக்கொண்டு, அந்தச் சிவப்புப் பட்டையோடு பள்ளிக்குப் போனாள்.